ஆங்கிலச் சொல்லின் தலைப்பைத் தேடி

காவிரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் எவரும் தம் பகுதியை ‘டெல்டா’ என்று சொல்லத் தயங்குவதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று தேநீர்க்கடையில் பேசும்போதும், டெல்டா மாவட்டங்களில் மழை என்று செய்தி படிக்கும்போதும் அச்சொல் தமிழ்ச் சொல்லைப் போலவே நம் காதில் விழுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்துக்கு அதுவே பெயர் என்பது முதல் விடை. அவ்வெழுத்து முக்கோண வடிவம் உடையது. நைல் ஆறு கடலை நெருங்கும்போது கிளைகளாகப் பிரிந்து முக்கோணமாக ஒரு நிலப்பரப்பை உண்டாக்கியிருந்ததால், கிரேக்கர்கள் அந்நிலத்துக்கு அந்த எழுத்தின் பெயரையே இட்டார்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தைப் பற்றி எழுதும்போது அப்பெயரைக் கையாள்கிறார். கிரேக்கர்களோ எழுத்துகளை, மேற்காசியக் கடற்கரையில் வாழ்ந்த பழைய வணிக இனத்தவரான பினீசியரிடமிருந்து பெற்றவர்கள். பினீசிய மொழி சேர்ந்திருக்கும் செமித்தியக் குடும்பத்தில், அந்த எழுத்தின் மூலப் பெயரான ‘தாலெத்’ என்பது கதவு என்னும் சொல்லோடு தொடர்புடையது. மேற்கே கல்லணையை முனையாகவும், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடம் தொடங்கிக் கோடியக்கரை வரை நீளும் கடற்கரையை அடியாகவும் கொண்டு கிடக்கும் நம் முக்கோணத்தின் பெயருக்குள் இவ்வாறு ஒரு கதவு இருக்கிறது.

கதவு எழுத்தாகி, எழுத்து வடிவமாகி, வடிவம் நைல் நிலத்துக்கும், பிறகு எல்லா ஆறுகளின் முகத்துவார நிலங்களுக்கும், கடைசியில் மன்னார்குடியில் நடவு செய்பவரின் பேச்சுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு சொல் கடந்துவந்த இத்தகைய வழியை, படிப்படியாக, சான்றுகளோடு மீட்டுக் காட்டும் துறையைச் சொற்பிறப்பியல் என்கிறோம். ஆங்கிலச் சொற்களைப் பொருளும் எழுத்தும் மட்டும் மனப்பாடம் செய்து கற்ற நம்மில் பலருக்கு அவற்றின் பிறப்பை அறியும் ஆசை உண்டு. அறியும் முறையை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. அம்முறையைப் புதிதாகத் தொடங்குபவர்க்கு விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

முறையைச் சொல்ல நம் ஆறுகளை விடப் பொருத்தமான துணை வேறில்லை. இதை உவமைக்காகச் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது என்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘டெரைவ்’ என்னும் வினையைப் பயன்படுத்துகிறார்கள். அது இலத்தீனில் ‘தெரிவாரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதில் ‘தெ’ என்பது ‘இலிருந்து’ என்னும் பொருள் தரும் முன்னொட்டு. ‘ரீவுஸ்’ என்பது ஓடை அல்லது வாய்க்கால். ஓடும் நீரிலிருந்து ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்பிக் கொண்டுபோவதே அச்சொல்லின் பழைய பொருள். ஆற்றில் தலைப்பு, அதாவது நீரைப் பிரித்துவிடும் தலைமதகு, கட்டி வாய்க்கால் பிரிப்பதைத்தான் ஆங்கில அகராதிகள் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் தம்மை அறியாமலே பேசிக்கொண்டிருக்கின்றன.

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு வயலில் நிற்கிறோம் என்று கொள்வோம். வயலுக்கு வரும் தண்ணீர் கன்னி வாய்க்காலில் இருந்து வருகிறது. அது பெரிய வாய்க்காலில் இருந்து வருகிறது. அது பாமணியாற்றிலிருந்து பிரிகிறது. பாமணியாற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு வருகிறது. அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிவது தெரிகிறது. வெண்ணாற்றோடு இன்னும் மேலே போனால் கல்லணை. அங்கேதான் காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகியவை தனித்தனி வழி கொள்கின்றன. இந்த நடையில் எந்த ஒரு தலைப்பையும் தாண்டிக் குதிக்க முடியாது. தண்ணீரின் நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக, நமது வாய்க்கால் பக்கத்து ஊர் அரசலாற்றிலிருந்து வருகிறது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. கரையோடு நடந்து, மதகைப் பார்த்த பிறகே சொல்கிறோம். சொல்லுக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

‘ரீவுஸ்’ என்னும் அதே வாய்க்காலிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல் ‘ரைவல்’. போட்டியாளர், எதிராளி என்பது இன்றைய பொருள். இலத்தீனில் ‘ரீவாலிஸ்’ என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர் என்று பொருள். உரோமச் சட்டத் தொகுப்பில் அவர்களுக்குள் எழும் தண்ணீர்த் தகராறுகளைப் பற்றிய விதிகளும் உண்டு. ஒரே நீரைப் பகிர்ந்துகொள்பவர் எப்படி எதிராளி ஆனார் என்பதை இலண்டனில் உள்ள மாணவருக்கு விளக்க நெடுநேரம் ஆகலாம். முறைப்பாசனத்தில் இரவு கண்விழித்து மடையைக் காத்தவருக்கும், தலைமடையில் அடைத்துவிட்டதால் கடைமடையில் பயிர் காய்ந்தவருக்கும் விளக்கம் எதுவும் வேண்டாம். தமிழிலேயே இதற்கு நேர்ச் சான்று இருக்கிறது. ‘பங்காளி’ என்பது பங்கு உடையவர் என்ற நல்ல சொல்; ஆனால் ‘பங்காளிச் சண்டை’ என்ற தொடரைக் கேட்காமல் வளர்ந்தவர் நம் ஊர்களில் யார்? பகிர்வதும் பகைப்பதும் பக்கத்துப் பக்கத்து வரப்புகள் என்பதை இலத்தீனும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலே பதிவு செய்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஆற்றைக் குறிக்கும் ‘ரிவர்’ என்ற சொல்லும் இதே ‘ரீவுஸ்’ என்பதிலிருந்து வந்திருக்கும் என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் ‘ரிவர்’ வந்தது ‘ரீப்பா’ என்னும் வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து. அதற்குக் கரை என்று பொருள். கரையைச் சேர்தல் என்பதிலிருந்தே ‘வந்துசேர்’ என்னும் பொருள்படும் ‘அரைவ்’ பிறந்தது. ஆங்கிலேயர் ஆற்றுக்குக் கரையின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். வாய்க்காலின் பெயரையோ எதிராளிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நீர் தொடர்பான சொற்களில் இன்னும் இரண்டைச் சொல்லாமல் போக மனமில்லை. மதகுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லூஸ்’ என்று பெயர். அது பழைய பிரெஞ்சு வழியாக, ‘வெளியே நிறுத்தப்பட்ட நீர்’ என்னும் பொருளுடைய ‘எக்ஸ்குளூசா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒருவரைச் சேர்க்காமல் விலக்குவதைக் குறிக்கும் ‘எக்ஸ்குளூட்’ அதன் உடன்பிறப்பு. ‘கெனால்’, ‘சேனல்’ என்ற இரண்டும் ஒரே இலத்தீன் சொல்லான ‘கனாலிஸ்’ என்பதிலிருந்து வெவ்வேறு வழிகளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. ‘கனாலிஸ்’ என்பதோ நாணலைக் குறிக்கும் ‘கன்னா’ என்பதன் வழி வந்தது. உள்ளே துளையுள்ள தண்டு, குழாய், பிறகு நீர் செல்லும் வழி என்று பொருள் விரிந்தது. ஒரே மூலம் இரு முறை கடன் வாங்கப்பட்டு இரு சொற்களாக நிற்பதை இரட்டைச் சொற்கள் என்பார்கள். ஒன்று நாம் குளிக்கும் கால்வாய். மற்றது நாம் தொலைக்காட்சியில் மாற்றிக்கொண்டே இருக்கும் அலைவரிசை.

இனி முறையின் மையத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “சார், நம்முடைய எட்டும் ஆங்கிலத்தின் ‘எய்ட்’டும் ஒரே சொல்தானே?” ஒலி ஒன்று, பொருள் ஒன்று, பிறகென்ன ஐயம் என்பது அவர்கள் எண்ணம். கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை காணும் வழியிலேயே சொற்பிறப்பியலின் அரிச்சுவடி முழுவதும் அடங்கியிருக்கிறது. இரு சொற்களையும் தனித்தனியே மேல்நோக்கிக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லை எழுதும்போது நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்துகளை எழுதுகிறோமே, அவை வீணாக நிற்பவை அல்ல. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘எஅஹ்தா’ என்பது போல ஒலித்தது. ஜெர்மனில் இன்றும் ‘அஹ்ட்’. அதே குடும்பத்தில் இலத்தீன் ‘ஒக்தோ’, கிரேக்க ‘ஒக்தோ’, வடமொழி ‘அஷ்ட’. டகரத்துக்கு முன்னே ககரமோ அதன் வழிவந்த ஒலியோ எங்கும் நிற்கிறது. பழைய உரோம நாட்காட்டியில் எட்டாம் மாதமாக இருந்ததால்தான் ‘அக்டோபர்’ அப்பெயர் பெற்றது.

தமிழ்ச் சொல்லை மேலே கொண்டுபோனால் வேறு ஊர் வருகிறது. எண்பது, எண்ணூறு, எண்திசை ஆகியவற்றில் ‘எண்’ என்ற வடிவம் நிற்கிறது. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. அதாவது திராவிடச் சொல்லின் நடுவில் மூக்கொலி இருந்தது. தமிழில் அது பின்னால் வந்த ஒலியோடு கலந்து எட்டு என்று ஆயிற்று. ஒரு பக்கம் ககரம், மறுபக்கம் ணகரம். கீழே வந்து இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல். ‘எய்ட்’டின் உண்மையான உறவினர் நம் வீட்டு நாட்காட்டியில் ‘அஷ்டமி’ என்னும் பெயரில் இருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான சான்றையும் பார்க்க வேண்டும். காலடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஃபுட்’டையும், நாம் வடமொழியிலிருந்து பெற்ற ‘பாதம்’ என்னும் சொல்லையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் ஒற்றுமையும் தெரியாது. ஆயினும் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை. 1822-இல் யாக்கோப் கிரிம் என்னும் ஜெர்மன் மொழியறிஞர் விளக்கிய ஒலிமாற்ற விதியின்படி, வடமொழி, இலத்தீன், கிரேக்கம் முதலிய இந்தோ ஐரோப்பியக் குடும்ப மொழிகளில் பகரம் நிற்கும் இடத்தில், அதே குடும்பத்தின் ஆங்கிலம், ஜெர்மன் முதலிய மொழிகளில் ‘ஃப’ ஒலியும், மெல்லொலித் தகரம் நிற்கும் இடத்தில் ‘ட்’ ஒலியும் ஒழுங்காக வருகின்றன. பாதத்தின் முதல் ஒலியும் நடு ஒலியும் இந்த விதிக்கு இம்மியும் பிசகாமல் உட்படுகின்றன. ‘பிதா’ என்பதற்கு ‘ஃபாதர்’ அமைந்ததும் இதே விதியால்தான். மிதிவண்டியில் நாம் மிதிக்கும் ‘பெடல்’ அதே மூலத்தின் இலத்தீன் கிளை. ஆகவே அதில் பகரம் மாறாமல் இருக்கிறது. ஒத்து ஒலிப்பவை உறவாக இல்லாமலும், ஒவ்வாது ஒலிப்பவை உறவாகவும் இருக்கக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொண்டவர், மேடைகளிலும் கைப்பேசிகளிலும் உலவும் பல ‘கண்டுபிடிப்புகளை’ நின்று நிதானித்துப் பார்க்கத் தொடங்குவார்.

அவற்றுள் அடிக்கடி கேட்பது, பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போனது என்பது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே ‘காசு’ வருகிறது. ஆகவே பழமையும் நம் பக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அன்றாட ஆங்கிலத்தின் ‘கேஷ்’, பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம் பெட்டி என்னும் பொருளுடைய ‘காப்சா’ என்ற இலத்தீன் சொல். முதலில் பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம் என்று பொருள் நகர்ந்தது. இங்கே கதை முடிந்துவிடவும் இல்லை. ஆங்கில அகராதிகளில் அதே எழுத்துகளோடு இன்னொரு ‘கேஷ்’ தனிப் பதிவாக இருக்கிறது. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் புழங்கிய சிறு நாணயங்களை வணிகர்கள் அப்பெயரால் அழைத்தார்கள். அது நம் காசிலிருந்து போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகச் சென்றது. ஒரே வடிவில் இரண்டு சொற்கள். ஒன்று பெட்டி, மற்றது காசு. அகராதியில் ஒரு சொல்லுக்கு எத்தனை தனிப் பதிவுகள் உள்ளன என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நெல் விளையும் நிலத்தில் நெல்லின் ஆங்கிலப் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. நெல்லைக் குறிக்கும் ‘பேடி’ மலாய் மொழியின் ‘பாடி’ என்பதிலிருந்து வந்தது. தமிழோடு அதற்குத் தொடர்பில்லை. ‘ரைஸ்’ என்பது பழைய பிரெஞ்சு, இத்தாலியம், இலத்தீன் என்று படிப்படியாக ஏறிக் கிரேக்கத்தின் ‘ஒரூசா’ வரை ஐயமின்றிச் செல்கிறது. அதற்கு மேலே அறிஞர்கள் பிரிகிறார்கள். கிரேக்கர்கள் அதை ஈரானிய மொழி ஒன்றிலிருந்து பெற்றார்கள் என்றும், வடமொழியின் ‘விரீஹி’ அதற்கு உறவு என்றும் பெரும்பாலோர் கருதுகிறார்கள். நம் ‘அரிசி’யை மூலமாகக் காட்டுபவர்களும் உண்டு. அரிசிதான் மூலம் என்று அடித்துச் சொல்ல இங்கே எவருக்கும் ஆசை இருக்கும். எனினும் ஆசை சான்றாகாது. அந்தத் தலைப்பு இன்னும் விவாதத்தில் உள்ள தலைப்பு என்று குறித்துக்கொண்டு நகர்வதே முறை.

விளக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை தேவை என்பதற்குச் ‘சேலரி’யை விடச் சிறந்த பாடம் கிடையாது. மாத ஊதியத்தைக் குறிக்கும் இச்சொல் இலத்தீனின் ‘சலாரியும்’ என்பதிலிருந்து வந்தது. அதற்குள் உப்பைக் குறிக்கும் ‘சால்’ இருக்கிறது. இது உறுதி. இதை வைத்து, உரோமப் படைவீரர்களுக்கு உப்பையே ஊதியமாக அளந்தார்கள் என்று உலகம் முழுவதும் சொல்கிறார்கள். அப்படி அளந்ததற்குப் பழைய உரோம நூல்களில் சான்று இல்லை. உப்பு வாங்கக் கொடுத்த படியாக இருக்கலாம் என்பதும் பிற்கால ஊகமே. சொல்லுக்குள் உப்பு இருப்பது ஒன்று. உப்பு எப்படி அங்கே வந்தது என்று சொல்லும் கதை வேறொன்று.

நம்மிடமும் இதற்கு இணையான விளக்கம் இருக்கிறது. ‘சம்பளம்’ என்பது சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்த சொல், முன்பு கூலியாக இவ்விரண்டையும் கொடுத்தார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சம்பாப் பட்டமும் வேதாரண்யத்து உப்பளங்களும் கண்ணெதிரே இருக்கும் நமக்கு இது நெஞ்சில் உடனே ஒட்டிக்கொள்கிறது. 1930-இல் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த மண் அல்லவா இது! ஆனால் வடமொழியில் ‘சம்பல’ என்றொரு சொல் இருக்கிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு, வழிச்செலவு என்பது அதன் பொருள். அதையும் எதிரே வைத்துப் பார்க்காமல் முதல் விளக்கத்தை ஏற்பது, ஒரு கரையில் மட்டும் நடந்துவிட்டு ஆற்றை அளந்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும். மக்கள் தமக்குத் தெரிந்த சொற்களாக ஒரு சொல்லைப் பிரித்துக் காணும் இப்பழக்கத்துக்கு நாட்டார் சொற்பிறப்பு என்று பெயர். அது இழிவானதன்று, மொழியில் அதுவே புதிய சொற்களையும் உண்டாக்கியிருக்கிறது என்பதைச் சற்று நேரத்தில் காட்டுகிறேன்.

பிறப்பை அறிந்தால் ‘உண்மைப் பொருள்’ தெரிந்துவிடும் என்று எண்ணுவதும் ஒரு பிழை. சொற்பிறப்பியலின் ஆங்கிலப் பெயரான ‘எட்டிமாலஜி’ என்பதற்குள் ‘உண்மையான’ என்னும் கிரேக்கச் சொல் இருப்பதால் இந்த எண்ணம் இன்னும் வலுப்பெறுகிறது. பொருள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். ‘நைஸ்’ என்று இன்று நாம் பாராட்டும் சொல், ‘அறியாதவன்’ எனப் பொருள்படும் இலத்தீனின் ‘நெஸ்கியுஸ்’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் மூடன் என்று பொருள்பட்டது; பிறகு அற்பங்களுக்கு அலட்டிக்கொள்பவர், பிறகு நுணுக்கமானது, 18ஆம் நூற்றாண்டில் இனிமையானது என்று மாறியது. நம்மிடம் ‘நாற்றம்’ இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கிறது; பழந்தமிழில் பூவின் மணத்துக்கு உரிய சொல் இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. பூவுக்கு நாற்றம் உண்டு என்று இன்று ஒருவர் சொல்லி, இலக்கணப்படி சரி என்று வாதிட்டால் அவர் சொல்வதை எவரும் ஏற்கப்போவதில்லை.

‘கறி’யின் வழி இன்னும் வியப்பானது. ஆங்கிலத்தின் ‘கர்ரி’ நம் கறியிலிருந்து போனது என்பதில் அகராதிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கறியே எதைக் குறித்தது? காவிரிப்பூம்பட்டினத்தின் கடைவீதியைப் பட்டினப்பாலை வருணிக்கும்போது, ‘காலின் வந்த கருங்கறி மூடையும்’ என்கிறது. அங்கே கறி என்பது மிளகு. மிளகு, மிளகு சேர்த்துச் சமைத்தது, சோற்றோடு சேரும் காய், இறைச்சி என்று தமிழுக்குள்ளேயே அச்சொல் பல படிகள் இறங்கிவிட்டது. இன்றும் ஒரு வீட்டில் கறி என்றால் வாழைக்காய், அடுத்த வீட்டில் ஆட்டிறைச்சி. ஆங்கிலேயர் பெற்றது கடைசிப் படிகளில் ஒன்றை. அவர்களிடம் அது குழம்பாயிற்று. முகத்துதி செய்து ஒருவரின் தயவைப் பெறுவதை ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்பார்கள்; அதற்கும் குழம்புக்கும் ஒட்டில்லை. குதிரையைத் தேய்த்துவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சு வினை அது. ‘ஃபேவர்’ இருக்கும் இடத்தில் முதலில் இருந்தது, பிரெஞ்சுக் கதைப்பாடல் ஒன்றில் வரும் ‘ஃபவேல்’ என்னும் குதிரையின் பெயர்.

நம் மண்ணிலிருந்து போன சொற்களைத் தொகுத்தவர்களில் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தவர் என்பதைத் தஞ்சாவூரிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. ஆர்தர் பர்னெல் என்னும் ஆங்கிலேயர் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தார். சரசுவதி மகால் நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு விரிவான அட்டவணை எழுதி 1880-இல் வெளிவரச் செய்தார். ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து, இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புகுந்த சொற்களையெல்லாம் வரலாற்று மேற்கோள்களோடு திரட்டினார். 1882-இல் பர்னெல் இறந்துவிட, 1886-இல் யூல் அதை வெளியிட்டார். ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்பது அந்த அகராதியின் பெயர். மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழும் குரலை ஆங்கிலேயச் சிப்பாய்கள் தமக்குப் பழகிய ஆங்கிலப் பெயர்களாகக் கேட்டதன் விளைவு அது. அந்நிய ஒலியைத் தன் வீட்டு ஒலியாக வளைத்துக்கொள்ளும் இயல்புக்கே அப்பெயர் பிற்காலத்தில் சான்றாயிற்று.

அவ்வாறு வளைந்தவற்றுள் எனக்கு மிக நெருக்கமானது ‘ஆனிகட்’. அணைக்கட்டு என்பதை ஆங்கிலக் காது அப்படிக் கேட்டது. கல்லணை ‘கிராண்ட் ஆனிகட்’ ஆனது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கட்டியது ‘அப்பர் ஆனிகட்’, அணைக்கரையில் கட்டியது ‘லோயர் ஆனிகட்’. கல்லணையிலிருந்து தாம் கற்ற கலையை எடுத்துக்கொண்டு கோதாவரிக்குச் சென்ற காட்டன், தவுளேசுவரத்தில் 1852-இல் முடித்த அணைக்கும் அதே பெயரே வழங்கியது. இன்று பாலைவனம் சூழ்ந்த இராஜஸ்தானில் சிற்றோடையின் குறுக்கே கட்டும் தடுப்பணையையும் ‘ஆனிகட்’ என்றே அழைக்கிறார்கள். தமிழ் ஒரு சொல்லும் அறியாத அவ்வூர்க்காரர் வாயில் நம் அணைக்கட்டு, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, இருக்கிறது.

‘கேட்டமரன்’ நம் கட்டுமரம். ஆனால் மரங்களை இணைத்துக் கட்டிய மிதவை என்ற பொருள் போய், இன்று இரண்டு உடல்களை இணைத்த விரைவுப் படகுக்கே அது பெயர். சற்று முன் சொன்ன நாட்டார் சொற்பிறப்பு இங்கே வேலை செய்திருக்கிறது. உடல் மூன்றாக அமைந்த படகைச் செய்தபோது, சொல்லின் பின்பாதியான ‘மரன்’ படகு வகையைக் குறிப்பதாகக் கொண்டு, முன்னால் மூன்று என்னும் பொருள் தரும் இலத்தீன் ஒட்டைச் சேர்த்து ‘டிரைமரன்’ என்றார்கள். நாகப்பட்டினத்து மீனவரிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னால் ‘மூன்று மரம்’ என்றாகும். அவருக்கு அது விசித்திரமாகவும் தோன்றாது. நாகப்பட்டினம் 1658 வரை போர்ச்சுக்கீசியர் கையில் இருந்த துறைமுகம். இந்தியக் கரைகளில் அவர்கள் பெற்ற கஞ்சி, அவர்கள் மொழியில் ‘கான்ஜ’ என்று கோழிச்சாறாகவும், ஆங்கிலத்தில் ‘கான்ஜி’ என்று சீன உணவகத்து அரிசிக்கூழாகவும் இருக்கிறது. ‘செரூட்’ நம் சுருட்டு. ‘முல்லிகட்டானி’ நம் மிளகுத்தண்ணீர்.

போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாமும் வாங்கியிருக்கிறோம். சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் அவர்கள் தந்தவை. ஜன்னலுக்குரிய ஆங்கிலச் சொல்லான ‘விண்டோ’ பழைய நோர்ஸ் மொழியின் ‘விண்ட் அவுகா’ என்பதிலிருந்து வந்தது; காற்றின் கண் என்பது அதன் பொருள். பழந்தமிழில் ஜன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வடகடல் ஓரத்துக் குளிர்நாட்டினருக்குக் காற்றுக்குக் கண் இருந்தது. புழுங்கும் நம் நாட்டில் காற்றுக்கு வழி வேண்டியிருந்தது. ‘லார்ட்’ என்னும் சொல்லுக்குள் அப்பத்தைக் காப்பவரும், ‘லேடி’ என்னும் சொல்லுக்குள் அப்பமாவு பிசைபவரும் இருக்கிறார்கள் என்று படித்தபோது, செஞ்சோற்றுக் கடன் என்னும் நம் தொடர் நினைவுக்கு வந்தது; தலைவனை உணவளிப்பவனாகவே இரு நாட்டினரும் கண்டிருக்கிறார்கள்.

பிறந்த நாள் தெரிந்த சொற்களும் உண்டு. எதிர்பாராத நற்பேற்றைக் குறிக்கும் ‘செரண்டிப்பிட்டி’யை ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1754 ஜனவரி 28-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தாமே உண்டாக்கினார். செரண்டிப் என்பது கோடியக்கரைக்கு எதிரே கடலுக்கு அப்பால் உள்ள இலங்கைக்கு அரபியர் வழங்கிய பெயர். முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாததால், இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964-இல் ‘பெட்ரிகோர்’ என்ற சொல்லை அமைத்தார்கள். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை, இகோர் என்றால் தேவர்களின் உடலில் ஓடுவதாகச் சொல்லப்படும் குருதி. ‘அப்ரிசிட்டி’ என்பது குளிர்காலத்து வெயிலின் கதகதப்பு. 1623-இல் ஹென்றி காக்கரம் தொகுத்த அகராதியில் இடம்பெற்றது, பிறகு வழக்கில் ஏறவே இல்லை. மார்கழிக் காலையில் திண்ணையில் உட்கார்ந்து இளவெயில் காய்பவர்களுக்கு அச்சொல்லை வீணாக விட்டுவிட்டார்களே என்று தோன்றும்.

தொடங்க விரும்புபவர் ஒரே ஒரு சொல்லை எடுத்து ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதோடு இருக்கலாம். ‘டேங்க்’ நல்ல தேர்வு. நல்ல அகராதி ஒன்றைத் திறந்து, தனிப் பதிவுகள் எத்தனை என்று பாருங்கள். பிறகு பொருள்களைப் பழமையின் வரிசையில் படியுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆண்டின் எழுத்திலிருந்து மேற்கோள் தருகிறார்கள் என்று கவனியுங்கள். 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல் முழுமை பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த ஆண்டுவரிசை முறையையே அடித்தளமாகக் கொண்டது. ‘டேங்க்’கின் பழைய பொருள் குளம், ஏரி, இந்தியாவுக்கு வந்த பயணிகள் எழுதியது அது. கும்பகோணத்து மகாமகக் குளத்தையும் மன்னார்குடி ஹரித்ராநதியையும் இன்றும் ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுகிறோம். மூலம் எது என்னும் இடத்தில், நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொற்களையும், தேங்கிய நீரைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லையும் அகராதிகள் அருகருகே தருகின்றன. இரண்டு ஓடைகளும் ஒன்றில் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். பிறகு அது எந்த நீரையும் எண்ணெயையும் அடைக்கும் தொட்டியாகிறது. முதல் உலகப் போரின்போது பிரித்தானியர் புதிய கவச ஊர்தி ஒன்றை இரகசியமாகச் செய்தார்கள். உள்ளே என்ன செய்யப்படுகிறது என்று கேட்பவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-இல் அது போர்க்களத்துக்கு வந்தபோது, மறைப்பதற்காக வைத்த பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.